வீக்கம் என்னும் ஒழுங்கீனம்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரமா, நெருப்பா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் தொழிற்சாலையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும். இங்கே பிரஸ் பிரிவின் வாசலில், கண்ணைப் பறிக்கும் பச்சை எழுத்தில், உலகை உய்விக்க வந்த அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது: "ரத்தம் வராதது காயம் அல்ல."

நாங்கள் மூடிகள் செய்கிறோம். பாத்திரம் செய்வதில்லை, மூடி மட்டும். எதை மூடுவது என்பது வாங்குகிறவர் பாடு. இந்த ஆண்டு சிறந்த பாதுகாப்புக்கான விருது எங்களுக்குக் கிடைத்திருப்பதால் சிறப்பு மலர் ஒன்று வெளிவருகிறது. அதில் "நம் உடலும் நம் நிறுவனமும்" என்று பெருமிதம் பொங்க ஒரு கட்டுரை எழுதும்படி மேலாளர் என்னைப் பணித்தார். நான் இங்கே "நல்வாழ்வு அலுவலர்". உயிரியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என்னைப் படிக்கவைத்தது இதே தொழிற்சாலையில் தகட்டை மூடியாக அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டும் என் அக்கா. ஆகவே பொங்குகிறேன். மேலாளர் தம் புகைப்படம் இருக்கும் பக்கத்தை மட்டும்தான் சரிபார்ப்பார் என்பதால் தைரியமாகவே பொங்குகிறேன்.

விருதுக் குழு பார்வையிட வரவிருந்த வாரம். திங்கட்கிழமை காலை பிரஸ்ஸின் இரும்பு அச்சு நழுவி அக்காவின் வலது கைமேல் விழுந்தது. பாதுகாப்பு அதிகாரி பறந்து வந்தார். விபத்து எண்ணிக்கையைப் பூஜ்யத்திலேயே வைத்திருக்கும் சாதனையாளர் என்பதால் அவரை நாங்கள் அன்போடு "ஜீரோ சார்" என்றுதான் அழைப்போம்.

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல சார்" என்றாள் அக்கா.

"தோல் கிழிஞ்சுதா?"

"இல்ல சார். ஆனா விரல மடக்க முடியல."

"மடக்க முடியலன்னா நீட்டி வெச்சுக்கம்மா. நீட்டின கையால மூடி எடுக்க முடியாதா என்ன?"

இவ்வாறாக விசாரணை இனிதே முடிந்தது. ஒரு துண்டு ஐஸ், ஒரு வலி மாத்திரை. அக்கா மீண்டும் மெஷினில் நின்றாள்.

ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. சிவந்தது. சுட்டது. மதியத்துக்குள் ஊதிப் பருத்து, கையுறைக்குள் நுழைய மறுத்தது. நிர்வாகம் கைகட்டி நிற்கவில்லை. ஸ்டோர்ஸிலிருந்து இருப்பதிலேயே பெரிய ஆம்பளைக் கையுறை வரவழைக்கப்பட்டது. அதற்குள் கை போனது. பிரச்சினை "தீர்ந்தது".

நான் மேலாளர் அறைக்குப் போனேன். உடனே அவசரக் கூட்டம் கூடியது. மேலாளர், மனிதவள மேடம், ஜீரோ சார். பொருள்: ஊழியரின் வலது கையில் காணப்படும் கட்டுக்கடங்காமை.

"உயிரியல் படிச்ச பொண்ணு, நீயே சொல்லு" என்றார் மேலாளர். "கிருமி ஏதாவது உள்ள போச்சா?"

"கிருமி போனாத்தான் வீங்கும்னு இல்ல சார். நசுங்கின செல்லு உடைஞ்சு, உள்ள இருக்கவேண்டிய சரக்கெல்லாம் வெளிய கொட்டிடும். அது வெளிய கெடக்குறதப் பாத்ததுமே, பக்கத்துல காவல் நிக்கிற செல்லுங்களுக்கு விஷயம் புரிஞ்சுடும். ரத்தக்குழாய அகலமாக்கி ஆள் கூப்பிடும். வெள்ளணு எல்லாம் ஓடிவரும். அதுதான் இந்தச் சிவப்பு, சூடு, வீக்கம், வலி."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு அனுமதி குடுத்தா?"

"எதுக்கு சார்?"

"இப்படிக் கூட்டம் கூடுறதுக்கு."

"அனுமதியெல்லாம் கேக்காது சார். பொறக்கும்போதே கூட வர்ற ஏற்பாடு. கேட்டுக்கிட்டு நின்னா நாம போய்ச் சேர்ந்துடுவோம்."

மனிதவள மேடம் குரலைத் தாழ்த்தினார். "வெளியாள் யாராவது தூண்டிவிட்டிருப்பாங்களோ?"

"வெளியாளே இல்லங்கறேன் மேடம். உள்ளேயே அடிபட்டிருக்கு."

"அப்ப உள்ள நடந்தத வெளிய கொட்டியிருக்காங்க. நம்ம கம்பெனில அதுக்கு மெமோ உண்டு."

ஜீரோ சாருக்கு வேறு கவலை. "ரெண்டு செல்லு உடைஞ்சதுக்கு இத்தன பேரு ஓடிவரணுமா? ஓவர்டைம் யாரு தர்றது?"

"அதுங்க கேக்குறதில்ல சார். வரும், உடைஞ்சதை அள்ளிச் சுத்தம் பண்ணும், முக்கால்வாசி அங்கேயே செத்துப்போயிடும்."

மேலாளரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "பாத்தீங்களா! இதுதாம்மா அர்ப்பணிப்பு. இதை ஒரு போஸ்டராப் போடு."

"போடறேன் சார். மொதல்ல அக்காவ ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. எலும்பு ஒடைஞ்சிருக்கும். வீக்கத்தால ஆளக் கூப்பிடத்தான் முடியும். எலும்பைக் கட்ட முடியாது."

"குழு வியாழக்கிழமை கெளம்பிடும். வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம். உள்ளேயே ஏற்பாடு இருக்குன்னு இப்பத்தானே நீயே சொன்ன?"

நான் கற்ற கல்வி இவ்வாறு நிர்வாகத்துக்கு உடனடியாகப் பயன்பட்டது. இதைவிட ஒரு பட்டதாரிக்கு என்ன பேறு வேண்டும்?

வீட்டில் அக்காவைத் திட்டினேன். அவள் இடது கையால் தட்டை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "வாய மூடிக்கிட்டு இருடி. உன் வேலையும் அங்கதான் இருக்கு. ரெண்டு பேரையும் அனுப்பிட்டாங்கன்னா சோத்துக்கு என்ன பண்றது?"

"கை போயிட்டா என்னக்கா பண்றது?"

"போனா போன எடத்துல தேடிக்கலாம். தூங்கு."

புதன்கிழமை குழு வந்தது. பிரஸ் பிரிவில் அக்காவின் முன்னால் நின்றது. குழுத் தலைவர் அந்தப் பிரம்மாண்டமான கையுறையைக் கண்டு நெகிழ்ந்தேபோனார். "ஊழியர் கைக்கு எவ்வளவு இடம் விட்டுத் தந்திருக்கீங்க! இந்த மனசு யாருக்கு வரும்?" மேலாளர் அடக்கத்தோடு தலைகுனிந்தார்.

"கை எப்படிம்மா இருக்கு?" என்று ஜீரோ சார் அவள் காதருகே கிசுகிசுத்தார்.

"காலைலேர்ந்து வலி இல்ல சார். மரத்துப்போச்சு."

"நான்தான் சொன்னேனே!" என்று அவர் பூரித்தார்.

வலி நின்ற செய்தியைக் கேட்டுப் பயந்தவள் அந்தக் கூட்டத்திலேயே நான் ஒருத்திதான். கையுறையை உருவினேன். விரல் நுனிகள் நீலம் பாரித்துக் கிடந்தன. அக்காவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, குழுவின் நடுவிலேயே புகுந்து, வாசலை நோக்கி நடந்தேன்.

"ஏய், விடுடி! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும்."

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?" என்று பின்னாலிருந்து மேடத்தின் குரல் வந்தது. குழுத் தலைவர் குடும்பப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு நாகரிகமாகத் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கையைத் தொட்டதுமே நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எப்ப அடிபட்டுது?"

"திங்கட்கிழமை" என்றேன்.

"அன்னிக்கே வீங்கியிருக்குமே?"

"வீங்குச்சு."

"யாருமே பாக்கலையா?"

அக்காதான் பதில் சொன்னாள். "எல்லாரும் பாத்தாங்க டாக்டர்."

எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. வீக்கம் ஏறி ஏறி, உள்ளே அழுத்தம் கூடி, தசைக்கு ரத்தம் போவதே நின்றிருந்தது. அன்றே கொண்டுவந்திருந்தால் கீறி அழுத்தத்தை இறக்கியிருக்கலாம் என்றார் டாக்டர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கை தப்பியது. இரண்டு விரல்கள் இனி மடங்காது. அக்கா இப்போது சட்டைப் பொத்தானைப் போட என்னைக் கூப்பிடுகிறாள். கூப்பிடப் பிடிக்காமல் பல நாள் போடாமலே இருந்துவிடுகிறாள். அவளை வேலையைவிட்டு அனுப்பியாயிற்று. காரணம், அனுமதியின்றிப் பணியிடத்திலிருந்து வெளியேறியது. மலருக்குக் கட்டுரை எழுத ஆள் வேண்டுமென்பதால் என்னை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். விருது வந்து சேர்ந்தது. மேலாளர் கேட்டபடி போஸ்டரும் ஒட்டியாயிற்று: "அர்ப்பணிப்பை வெள்ளணுவிடம் கற்போம்!"

மேலாளர் ஐயா, கட்டுரைக்கு நிறைவான முடிவுரை வேண்டும் என்றீர்கள். எழுதுகிறேன். இந்த வளாகத்தில் என் அக்கா அடிபட்ட அன்று ஓடிவந்து உதவியவை அவளுடைய வெள்ளணுக்கள் மட்டும்தான். அவற்றுக்குக் கண் கிடையாது, படிப்பு கிடையாது, பதவி கிடையாது. தம்மால் முடிந்ததைச் செய்துவிட்டு அவள் கைக்குள்ளேயே செத்தன. மிச்சம் இருந்தது ஒரே வேலை: அவளை ஒரு வண்டியில் ஏற்றுவது. அதற்குக் கண்ணும் படிப்பும் பதவியும் உள்ளவர்கள் தேவைப்பட்டார்கள்.

அன்று உங்களில் ஒருவர்கூட விடுப்பில் இல்லை.