காற்றுக்கு வைத்தியம் பார்ப்பவர்

காற்று அதுபாட்டுக்கு வீசினால் சிலருக்குப் பொறுக்காது. குளிர்ந்து வந்தால் சுடவைக்க வேண்டும், சூடாக வந்தால் ஆறவைக்க வேண்டும், சும்மா விட்டால் மட்டும் ஆகாது. காற்று வைத்தியர் என்னும் இந்த இனத்தை நீங்கள் எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆனி பிறந்ததும் மலையே இறங்கிவந்து முகத்தில் தண்ணீர் தெளிக்கிற குற்றாலத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வைத்தியம் பார்க்கத் தனி நெஞ்சுரம் வேண்டாமா? நயினார் அண்ணாச்சிக்கு அது இருந்தது.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் லாட்ஜ் கட்டிய அண்ணாச்சி, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு ஓட்டலும் வைத்தார். நாலு பக்கமும் திறந்த வெளி. அந்த வெளியில், வெயில் காலத்துக்கு இரண்டு ஏசி, சாரல் காலத்துக்கு நாலு ஹீட்டர்!

"வாரவங்க ஒரு குறை சொல்லக் கூடாதுல்லா" என்பார்.

"செங்கோட்டை வரைக்கும் குளுந்துருக்குமே" என்பாள் மனைவி முருகம்மாள்.

அண்ணாச்சிக்கு இது பாராட்டாகவே கேட்கும்.

சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, கட்டட எரிசக்தி விதிகளைச் சரிபார்க்க இன்ஜினியர் உமா மகேஸ்வரி வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மாடியைத் திறக்கலாம். சாரல் மாதங்களை விட்டால் அண்ணாச்சிக்கு வருஷம் முழுக்க ஈ ஓட்டுகிற வேலைதான்.

"திறந்த வெளியச் சூடாக்குததும் குளிராக்குததும் விதியில கெடையாது அண்ணாச்சி. இதெல்லாம் கழத்திருங்க. மூடுன ரூம்னா வேற கதை."

கடைசி வாக்கியத்தை அந்த அம்மாள் சொல்லியிருக்கவே கூடாது. வைத்தியரிடம் போய் இன்னொரு வியாதியின் பெயரைச் சொல்லலாமா? கழற்றுவதாவது! ஒரே வாரத்தில் மாடியைச் சுற்றிக் கண்ணாடி எழும்பியது, கூரைக்கடியில் வெப்பம் தடுக்கும் அட்டை ஏறியது, ஏசியும் ஹீட்டரும் மாப்பிள்ளை முறுக்கோடு அதனதன் இடத்தில் நின்றன.

உமா மகேஸ்வரி மறுபடி வந்த அன்று வெளியே நல்ல சாரல். உள்ளேயும் சாரல்! கூரையை ஒட்டிப் போன குழாயில் ஊசித் துளைகள் போட்டு, மோட்டார் வைத்து, சாப்பாட்டு மேஜைகளின்மேல் தூவிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. நாலு ஹீட்டரும் தகதகவென்று எரிந்தன.

"ஹீட்டர் எதுக்கு அண்ணாச்சி?"

"குழாத் தண்ணி குளிருதுல்லா?"

"குழா எதுக்கு?"

"சாரல் வேணும்னுதான ஜனங்க வருதாவ. அது உள்ள வர மாட்டங்குதே."

"ஏன் வர மாட்டங்குது?"

"கண்ணாடி போட்டிருக்கோம்லா."

"கண்ணாடிய எதுக்குப் போட்டிய?"

"நல்லாருக்கே! ஹீட்டர் வைக்கணும்னா மூடணும்னு நீங்கதான மேடம் சொன்னிய!"

அந்த அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி நனைந்திருந்தது. அதற்குள் முருகம்மாள் ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணாடிச் சட்டம் ஒன்றின் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"சீசனக் காப்பாத்துதேன். இந்தப் பக்கத்தப் பிடிங்க."

பிடித்தார். பிடிக்காமல் என்ன செய்வார்? சட்டம் கழன்றதும் காற்றும் சாரலும் சேர்ந்து உள்ளே புகுந்தன. இன்ஜினியர் அம்மாளின் முகம் ஒரு நிமிஷம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகமாகிவிட்டது. ஒரு காபி குடித்தார். மீதிக் கண்ணாடியும் எல்லா மிஷினும் அன்றே இறங்கவேண்டும் என்றார். இறங்கின. கையெழுத்தும் விழுந்தது.

இப்போது சீசனில் அந்த மாடியில் இடம் கிடைப்பதில்லை. ஜனங்கள் நடுங்கி நடுங்கி, சிரித்துச் சிரித்துச் சுக்குக் காபி குடிக்கிறார்கள். அண்ணாச்சி மட்டும் மூலையில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்து, நோயாளி கைவிட்டுப் போனதே என்று பெருமூச்சு விடுகிறார்.

சிரிப்பு வருகிறதா? சரி, ஒன்று கேட்கலாமா? நீங்கள் இருக்கும் அறையின் ஜன்னலைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? திறக்க முடியாதா? ஓ, பீரோவை நகர்த்த வேண்டுமோ? சரி சரி, இருக்கட்டும்.

அண்ணாச்சி உங்களை ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.