காரம் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

குடிநீர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு. எந்தக் கஷ்டமும் மனு போட்டால் தீரும். தீரவில்லை என்றால் மூன்று நகல் இணைக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் வீட்டு மீன்தொட்டியில் மகாராணி என்றொரு ஏஞ்சல் மீன் இருந்தது. நகத்தளவுக் குஞ்சாக வந்ததை அவர் மனைவி உள்ளங்கை அளவுக்கு வளர்த்திருந்தாள். அந்த மகாராணி இரண்டு நாளாக நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மனைவிக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

வளர்ப்பு மீன் கடைக்காரர் வந்து தொட்டித் தண்ணீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்த்தார்.

"பிஎச் எட்டரை காட்டுது. ஏழு பக்கத்துல இருக்கணும். தண்ணில காரம் ஜாஸ்தி."

"அந்தக் கல்லு வந்ததிலேர்ந்துதாங்க இப்படி," என்றாள் மனைவி. தொட்டியின் நடுவில் மலை மாதிரி ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் உட்கார்ந்திருந்தது. அந்த வருஷத்து மோஸ்தர் அதுதான். கல் இல்லாத தொட்டியைத் தெருவில் யாரும் தொட்டி என்றே மதிப்பதில்லை.

"தெருவே வெச்சிருக்கு. தெருவுக்கே புத்தி இல்லைங்கிறியா? கோளாறு குழாய்த் தண்ணில. நான் மனு போடறேன்," என்றார் அவர்.

போட்டார். 'குழாய் நீரில் காரம் மிகுந்துள்ளபடியால் மகாராணி மூச்சுத் திணறி வருவதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.' மூன்று நகல்.

அதிசயமாக மறுநாளே ஆய்வாளர் வந்துவிட்டார். மகாராணி என்றதும் பெரிய இடத்து விவகாரம் என்று அலுவலகம் அரண்டுபோயிருக்கிறது. வந்தவர் ஒரு டம்ளர் கேட்டார். தொட்டியில் மொண்டு, குடித்து, சப்புக்கொட்டிப் பார்த்தார்.

"காரமே இல்லையே சார்."

"ஐயோ, இது நாக்குக் காரம் இல்ல சார். பிஎச் காரம்."

"மனுவுல வெறும் காரம்னுதானே எழுதியிருக்கீங்க? எங்களுக்கு மனுதான் பேசணும் சார், நீங்க பேசக்கூடாது."

'சுவைத்துப் பார்த்ததில் காரம் காணப்படவில்லை' என்று சான்றளித்துவிட்டுப் போனார். ஜெராக்ஸ் கடைக்காரர் விடுவாரா? அன்றே மேல்முறையீடு செய்தார். ஐந்து பேர் கொண்ட சுவைப்புக் குழு அமைக்கப்பட்டது. காலையில் ஆளுக்கு இரண்டு டம்ளர், மாலையில் இரண்டு டம்ளர், ஏழு நாள் குடித்துப் பார்க்க உத்தரவு. கல்லுக்குள் காரம் ஒளிந்திருக்கலாம் என்று ஒரு உறுப்பினர் சந்தேகப்பட்டதால், முதல் நாளே அதைச் சான்றுப் பொருளாகக் கைப்பற்றி, சாக்கில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து எடுத்துப் போனார்கள். சாக்கைக் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தவளே மனைவிதான். குழு குடிக்கக் குடிக்க, முந்தின நாள் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

ஏழாம் நாள் மகாராணி அடிவரைக்கும் போய்த் தீனியைக் கொத்தியது. பட்டை ஏழு காட்டியது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"கல்லு போச்சு, தண்ணி மாறிச்சு, பொழைச்சுக்கிச்சு. அவ்வளவுதாங்க விஷயம்."

"மனு போட்டேன், பொழைச்சுது. அதைச் சொல்லு."

தெருவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எல்லார் வீட்டு மீனும் திணறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கல்லைத் தானே எடுத்தால் மானக்கேடு. அரசாங்கம் கைப்பற்றினால் கௌரவம். கடையில் மனுக்கள் குவிந்தன. குழு வீடு வீடாகப் போய்க் குடித்தது. கற்கள் லாரி லாரியாகப் போயின.

சான்றுப் பொருளைக் கைப்பற்றிய நிலையிலேயே பாதுகாக்க வேண்டும் என்பது விதி. கைப்பற்றும்போது கற்கள் தண்ணீருக்குள் இருந்தன. அந்த அலுவலகத்தில் தண்ணீரும் பூட்டும் சேர்ந்தாற்போல இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்: ஊருக்கெல்லாம் குடிநீர் அனுப்பும் பெரிய தொட்டி. முத்திரை கலையாமல் சாக்கோடு இறக்கினார்கள்.

அடுத்த மாதம் மகாராணி மறுபடியும் மேலே வந்து வாயைத் திறந்தது. மனைவி பதறிப்போய்க் குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரிலேயே பட்டையை நீட்டினாள். எட்டரை.

"குழாய்த் தண்ணியே இப்படி வருதுங்க. இனிமே எதை ஊத்தி நான் இதைக் காப்பாத்துவேன்?"

அவர் பட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? கோளாறு குழாய்த் தண்ணிலதான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

மூன்று நகல் எடுக்கக் கடைக்கு ஓடினார். அங்கே தெருவே வரிசையில் நின்றது. எல்லார் கையிலும் ஒரு பட்டை, எல்லார் முகத்திலும் அதே மலர்ச்சி.