காலண்டர் பார்த்து வெப்சைட் செய்தவர்

பாலக்காட்டிலிருந்து வாளையார் வரைக்கும், தேடி வந்த கிராக்கியை வாசலோடு திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்கிய ஒரே மனுஷன் எங்கள் காலண்டர்தான். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ். நான் நாக்கு வறளப் பேசி ஆள் பிடித்து வருவேன். அந்தப் புண்ணியவான் ஒரே வார்த்தையில் கலைத்துவிடுவார்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது சிஎம்எஸ். அதாவது, எங்களைக் கூப்பிடாமல் அவர்களே உள்ளே போய் எழுத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்கிற வசதி. காலண்டர் நேரே அவர்கள் இடத்துக்குப் போய், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்ப்பார். இன்றைய தாள் இருந்தால் சிஎம்எஸ் உண்டு. போன வாரத்துத் தாள் தொங்கினால், "உங்களுக்கு வேண்டாமுங்க. நாலு பக்கம் செஞ்சு தர்றேன், அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்பார். பெயர் வந்தது அப்படித்தான்.

"தேதி கிழிக்கச் சோம்பல்படறவரு, தினமும் வெப்சைட்டை மாத்துவாராக்கும்!" என்று திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பர்னிச்சர் கடைக்காரர் கோபித்துக்கொண்டு போய், வேறிடத்தில் சிஎம்எஸ்ஸோடு செய்துகொண்டார். சித்திரையில் விஷு வந்த பிறகும் அவர் வெப்சைட் ஓணம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பாஸ்வேர்டு தெரிந்த மச்சான் துபாய்க்குப் போய்விட்டாராம். அன்று காலண்டர் ஆபீசுக்கே பருப்பு வடை வாங்கித் தந்தார்.

அப்பேர்ப்பட்ட ஆளை மடக்கியவள் நஸ்ரின். ராவுத்தர் வீட்டுப் பெண். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு டவுனில் ஜவுளிக் கடை. இவள் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு போட்டு, ஆர்டருக்குப் பிரியாணி செய்யத் தொடங்கியிருந்தாள். மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பும்போது அத்தா கறாராகச் சொல்லிவிட்டார்: "நான் திரும்பறதுக்குள்ள யாவாரம் ஓடணும். இல்லேன்னா அடுப்பை அணைச்சுட்டு நம்ம கடையில வந்து உக்காரு."

காலண்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூடத்துச் சுவரைப் பார்த்தார். ஏதோ பழைய தேதி. "வேண்டாமுங்கம்மா" என்று திரும்பிவிட்டார்.

வந்ததே கோபம் அவளுக்கு! "ஏனுங்கண்ணா, யாரு மாத்தப் போறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? எங்க ஊட்டுல காலண்டர் கிழிக்கறது அத்தா மட்டுந்தான். வேற யாராச்சும் தொட்டா ஊடே ரெண்டாயிரும். அவரு மக்காவுல இருக்காரு. தாளு தானா கிழியுமா?"

போனை எடுத்து எங்கள் முன்னால் நீட்டினாள். தினமும் காலையில் இன்றைக்கு என்ன சமையல் என்று வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறாள். மத்தியானம் அதே ஆட்களுக்கு "தீர்ந்துடுச்சுங்க" என்று பதில். அரிசியைப் பார்ப்பதா, போனைப் பார்ப்பதா? இரண்டு தடவை தம் போட்ட பிரியாணி அடிப்பிடித்துவிட்டதாம்.

காலண்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "தப்புத்தானுங்க. செவுத்தைப் பார்த்தேன், ஆளைப் பாக்கல" என்றார். அவர் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

சிஎம்எஸ் செய்தார். இன்றைய சமையல் எழுத ஒரு கட்டம். 'தீர்ந்துடுச்சு' என்று ஒரு பட்டன். அவ்வளவுதான். "இன்னும் நாலு வசதி வெச்சாத்தானே மதிப்பு?" என்றேன். "கரண்டி புடிச்ச கையில அமுக்கோணும்யா. இது போதும்" என்று வாயை அடைத்துவிட்டார். அப்புறம் தினமும் காலையில் அவரே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளை பரீட்சைக்குப் போன மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அத்தா ஊர் திரும்பினார். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நஸ்ரின் எங்களுக்குப் போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"அண்ணா, அத்தா கடையிலிருந்து ஆர்டர் போடப் பாத்திருக்காரு. தீர்ந்துடுச்சுன்னு வந்துருச்சு. 'எம் மக சமைச்ச சோறு எனக்கே இல்லையாம் பாருங்கப்பா'ன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போனைக் காட்டறாராம். நாளைக்கு அவருக்கு முதல்ல எடுத்து வெக்கோணுமாம்!"

காலண்டர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று அவரும் அந்தப் பிரியாணியை நம்பிச் சாப்பாடு கொண்டுவராமல் வந்து, ஏமாந்து உட்கார்ந்திருந்தார். கிடைக்காத பிரியாணிக்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனுஷனை எங்கே பார்ப்பது? என் தயிர்சாத டப்பாவை அப்படியே அவர் பக்கம் தள்ளிவிட்டேன். சாப்பிடட்டும், மகராசன்.