மாமா கொடுத்த துண்டும் P0101-ம்

கையில் ஒரு கருவி வந்துவிட்டால், அதைப் புரிந்துகொள்ளும் அறிவும் அதே பார்சலில் வந்துவிட்டதாக நம்புகிற ஆள் நான். (இந்த வியாதி இன்னும் முழுசாகக் குணமாகவில்லை.) அந்த நம்பிக்கை என்னை நடுரோட்டில் நிற்க வைத்தது, என் ஒரே தங்கை மலரின் கல்யாணத்தன்று.

அப்போது பழைய டீசல் கார் ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏற்காட்டுக்குப் பக்கத்தில் வாழவந்தியில் எங்கள் வீடு காப்பிக் களத்தை ஒட்டி இருப்பதால் எலித் தொல்லை. ராத்திரியில் ஏறி இஞ்சின் ஒயரைக் கடித்துவிடும். அதற்கு எங்கள் பக்கம் எல்லாரும் செய்யும் வைத்தியம், புகையிலையைத் துணியில் முடிந்து பானெட்டுக்குள் வைப்பது. கல்யாணத்துக்கு முந்தின நாள் நானும் வைத்தேன். கீழே விழாதபடி வாகான பொந்து ஒன்றும் கிடைத்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆன்லைனில் ஒரு ஸ்கேனர் வேறு வாங்கியிருந்தேன். தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் வண்டியின் கோளாறை ஒரு எண்ணாகச் செல்போனில் காட்டும். நாலு வீடியோ பார்த்ததிலேயே மெக்கானிக்குகளை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது.

கல்யாணம் ஏற்காட்டில். பத்தரைக்குள் முகூர்த்தம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி ஏறும். எங்களுக்கு இருப்பது ஒரே மாமா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெசின் ஓட்டுகிறவர். லீவு கிடைக்காமல் அன்று காலையில்தான் சேலம் வந்து இறங்கினார். அவரை ஏற்றி வரும் பொறுப்பு என்னுடையது.

சேலத்துக்கு இறங்கும்போது கார் ஒழுங்காகத்தான் வந்தது. ஏறும்போது இருமியது. கரும்புகை கக்கியது. பதினோராவது கொண்டை ஊசி வளைவில், ரோட்டுக்குக் குறுக்காக, அப்படியே நின்றுவிட்டது. மணி ஒன்பதே கால்.

"ஏங்கண்ணு, மூச்சு முட்டுறாப்பல இருக்குதே. மூடியத் தொறந்து பாரேன்" என்றார் மாமா.

"அதெல்லாம் அந்தக் காலமுங்க மாமா. இப்ப வண்டியே வாயைத் தொறந்து சொல்லிப்போடும்."

ஸ்கேனரைச் செருகினேன். P0101. காற்றை அளக்கும் சென்சார் கோளாறு என்று தீர்ப்பு எழுதினேன். (உள்ளே வருகிற காற்று கணக்குக்குச் சரியில்லை, என்னவென்று பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். புகார் கொடுத்தவனையே நான் குற்றவாளியாக்கினேன்.) பானெட்டைத் திறந்து அந்தச் சென்சாரின் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்கேனரைப் பார்த்தேன். மூன்று எண்கள்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் இன்னும் மூன்று ஒயர்களைப் பிடுங்கினேன். ஏழு எண்கள். அந்த ஆறு புதுக் கோளாறும் நான் ஒயர்களைப் பிடுங்கியதால் வந்தவைதான் என்பது பிறகே தெரிந்தது. இப்போது இஞ்சின் இருமக்கூட இல்லை.

"மாமா, ஏழு கோளாறுங்க!"

"வரும்போதே ஏழா, இல்ல நீ கை வெச்சதுக்கப்பறமா?"

அம்மாவின் போன். "மாப்பிள்ளை மேடைக்கு வந்தாச்சுடா! எங்கடா என் தம்பி?"

மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். "பொகையில வாசம் வருதே." பெரிய கறுப்புக் குழாயின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது ஒரு கட்டம் போட்ட துண்டு. நான் தேர்ந்தெடுத்த வாகான பொந்து, இஞ்சின் மூச்சு வாங்கும் வாய். மேட்டில் ஏற ஏற அது துண்டையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது.

மாமா துண்டை உதறி விரித்தார். புகையிலை ரோட்டில் கொட்டியது.

"கண்ணு... இது தீவாளிக்கு நான் ஒனக்கு எடுத்துக் குடுத்த துண்டு இல்ல?"

பிடுங்கிய நாலு ஒயரில் எதை எங்கே மாட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை. நல்லவேளையாக எஸ்டேட் ஜீப் ஒன்று இடுக்கில் நுழைந்து வந்தது. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். "ஏனுங்க, ஒருத்தரு வேணா பின்னாடி தொத்திக்கலாமுங்க" என்றார் டிரைவர். மாமா ஒரு கையில் பட்டம் இருந்த பெட்டி, மறுகையில் கம்பி என்று தொங்கிக்கொண்டு போனார். அரைமணி கழித்து வந்த பஸ் நுழைய முடியவில்லை. ஜனங்கள் இறங்கி, என் பரம்பரையையே திட்டியபடி காரை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து மறுபடி போன். பேச்சு இல்லை. கெட்டிமேளம் மட்டும் கேட்டது, மாமா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்பது பேருக்கு நடுவே நின்று அழுதேன். என் தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து நாலு ஒயரையும் இரண்டு நிமிடத்தில் மாட்டி எண்களை அழித்தார். அப்புறம் வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், நான் இல்லை. மலரின் போனில் இன்றுவரை என் பெயர் P0101. மாமா ஒருமுறைகூட என்னைத் திட்டியதில்லை. வருஷம் தவறாமல் தீபாவளிக்குத் துண்டு எடுத்துக்கொண்டு வருகிறார், இப்போது இரண்டாக. குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கும்போது சாவதானமாக நீட்டுவார்.

"இது ஒனக்குக் கண்ணு. இது வண்டிக்கு."