சீரியல் வில்லன் பெண் பார்க்கப் போன கதை

நடிகனுக்குக் கைதட்டல் கிடைத்துவிடும், பெண் கிடைப்பதுதான் கஷ்டம். அதிலும் சீரியல் வில்லன் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்று என் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய இயக்குநர்களெல்லாம் கட்டிப்பிடித்துப் பாராட்டுகிறார்கள். (சத்தியமாகத்தான், போட்டோ இருக்கிறது.) ஆனால் என் நடிப்புக்கு முதல் வரவேற்பு கிடைத்தது எங்கள் மலைமேல் மஞ்சக்குட்டை கிராமத்தில், பொன்மணி வீட்டில். அப்போது நான் ஒரு சீரியலில் தினமும் மனைவியை அறைந்துகொண்டிருந்தேன். சம்பளமே அதற்குத்தான்.

பொன்மணியைச் சேலத்துக்குக் கல்லூரி போன நாளிலிருந்தே தெரியும். மலை இறங்கும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் கம்பியைப் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு அவளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "எங்க ஊட்ல வந்து கேளுங்க" என்று அவள் சொன்ன அன்று, ஒண்டிக்கடை ஸ்டாப் வரைக்கும் எப்படி நடந்தேன் என்றே தெரியாது.

அப்பா அம்மாவோடு போனேன். அவள் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், தங்கமான மனிதர். அவள் அம்மாதான் காபித் தம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு எட்டவே நின்றுகொண்டார்.

"ஏனுங்க தம்பி, நேத்துக்கூட அந்தப் புள்ளைய அந்த அடி அடிச்சீங்களே, அது என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"அது நடிப்புங்க. கை மேல படவே படாதுங்க."

"சத்தம் கேட்டுச்சுங்களே!"

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? எனக்குள் இருந்த மகா நடிகன் எழுந்துவிட்டான். "செஞ்சே காட்டறனுங்க" என்று ரைட்டரை எதிரில் நிறுத்தி, கண்ணை உருட்டி, கையை வீசினேன். அடி வாங்குகிறவர் சரியான நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். (அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.)

பளார்!

அவருடைய கண்ணாடி பறந்துபோய்ப் பழத்தட்டில் விழுந்தது. என் அப்பா எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். "ஐயோ, எங்கூட்டுக்காரரையே அடிச்சுப்போட்டானே!" என்று அவள் அம்மா போட்ட கூச்சலில் அக்கம்பக்கமே வாசலில் கூடிவிட்டது. கதவோரம் நின்ற பொன்மணி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க இன்னொரு முறைகூட அவமானப்படலாம் என்றிருந்தது. ஆனால் இன்னொரு முறை வரவேயில்லை. அடுத்த தை மாதம் அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

இப்போது வந்த படத்தில், படுக்கையில் கிடக்கும் மனைவியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் கணவன் நான். அவளுக்குத் தலைவாரிவிடும் காட்சியில் எப்படி அப்படி அழுதீர்கள் என்று கேட்கிறார்கள். பயிற்சி, அது இது என்று ஏதோ சொல்லிவைக்கிறேன். பொன்மணியை நினைத்துக்கொண்டேன் என்று பேட்டியில் சொல்ல முடியுமா?

படம் வந்த வாரம் அவள் அம்மா போன் செய்தார்.

"சாமி, படம் பார்த்தனுங்க. நொம்ப நல்லாத் திருந்திட்டீங்க கண்ணு. இந்தக் குணம் அப்பவே இருந்திருந்தா, பொன்மணிய உங்களுக்கே குடுத்திருப்பமுங்க."

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. "நன்றிங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. "பையன் திருந்திட்டானுங்க. எங்காவது பொண்ணு இருந்தாச் சொல்லுங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், யாருக்கும் சந்தேகம் வராதபடி.