சீட்டுக்கட்டுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

முதியோர் இல்லத்து மாடி அறையிலிருந்து உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் புதிதாகப் பிறந்திருக்கும் என் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். வேறு மாதிரி யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

"அங்க காய்ச்சல் பரவுதாம் மாமா, இந்த ஞாயித்துக்கிழமை உங்கள கூட்டிட்டு வர முடியாது" என்று நீங்கள் போனில் சொன்னபோது, சரியாகக் கேட்கவில்லை என்றேன். நன்றாகவே கேட்டது. பேத்தி முகத்தை இன்னும் பார்க்கவில்லையே என்ற ஆற்றாமையில் காது தானாக அடைத்துக்கொண்டது. மறுபடி போன் செய்தால் பாதியில் என் மகள் பிடுங்கிப் பேசுவாள் என்பதால் இந்தக் கடிதம்.

இந்தக் காய்ச்சலுக்கும் எனக்கும் துளியும் சம்பந்தமில்லை. முதலில் இருமியது எங்களுக்கு உடை மாற்றிவிடும் பணிப்பெண். பாவம், காலையில் இங்கே வேலை, மாலையில் பக்கத்துத் தெரு இல்லத்தில் வேலை, லீவு போட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று காய்ச்சலோடு வந்து, "ஒண்ணுமில்ல தாத்தா, தொண்டையில தூசி" என்று என் முகத்துக்கு நேரே இருமிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அடுத்தது கணக்கு வாத்தியார். நாலு கட்டில் போட்ட எங்கள் அறையில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது, காற்றுப் பட்டால் தோள் பிடித்துக்கொள்ளும் என்று ஜன்னலைச் சாத்தியே வைப்பார், ஆகவே ஒருவர் போட்ட தும்மல் வெளியே போக வழியில்லாமல் நாலு கட்டிலையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் அடங்கும். தடுப்பூசி போட வந்த அன்றைக்கும் அவர்தான் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நான் அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை. கழிவறையை அவர் முந்திப் பிடித்துவிட்டதால், நான் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இப்படி இருக்க, டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்துவிட்டு, "சீட்டாட்டத்துல சீட்டு யாரு போடறது?" என்றார். நன்றிகெட்ட கூட்டம், எல்லா விரலும் என் பக்கம் நீண்டது. நான் பஸ் கண்டக்டராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை பார்த்த காலம் முழுக்க விரலை நாக்கில் தொட்டுத்தான் டிக்கெட் கிழித்தேன், சீட்டும் அப்படித்தான் போட வரும். இருப்பது ஒரே கட்டு, அதுவும் அறை அறையாகப் போய் வரும். "ஐயா, நீங்க சீட்டா போட்டீங்க? ஆளாளுக்குக் காய்ச்சல பட்டுவாடா பண்ணியிருக்கீங்க!" என்றார் டாக்டரம்மா. அதற்கு வாத்தியார் முனகிக்கொண்டே, "ஒரு நாளாவது எனக்கு நல்ல சீட்டு போட்டிருக்கானா? இத மட்டும் கரெக்டா போட்டுட்டான்" என்கிறார். மூச்சு வாங்கும்போதும் அந்த மனுஷனுக்கு வாய் மட்டும் ஓயவில்லை. இப்போது அவரைக் கீழே தனி அறையில் வைத்திருக்கிறார்கள். காலிக் கட்டிலைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, குற்றமற்றவனைத் தண்டிக்காமல் ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து சேருங்கள். பேத்தியைச் சற்று நேரம் மடியில் போட்டுக்கொண்டால் போதும், அப்புறம் எங்கே கொண்டுபோய் விட்டாலும் சரி. உங்கள் இருவருக்கும் என் மனமார்ந்த ஆசிகள். பேத்திக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் நர்ஸம்மா என் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார். நூற்றிரண்டு. "இன்னும் ஏதாவது வாதாடணுமா தாத்தா?" என்று கேட்டுவிட்டு, வாத்தியார் இருக்கும் அறைக்கே என்னையும் மாற்றுகிறார். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். நானே போன் செய்து கெஞ்சினாலும் வராதீர்கள். அந்தப் பச்சைப் பிள்ளைக்கு என் மடியிலிருந்து இது ஒட்டிக்கொண்டால் நான் தாங்கமாட்டேன். அப்படியும் மனசு கேட்காமல் வந்துவிட்டால், வாசல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று அவளைக் கொஞ்சம் உயரமாகத் தூக்கிப் பிடியுங்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒட்டாதாம், டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.