படகும் பதினொரு ஜன்னலும்

சிவகாசிப் பக்கம் காசு இருந்தால் எதையும் வாங்கலாம், மழையைத் தவிர. அப்படிப்பட்ட பூமியில், திருத்தங்கல் ரோட்டில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் தனுஷ்கோடி ஒரு படகு வாங்கினார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அந்த இருபத்தாறு வருஷத்தில் வீட்டில் அவர் சுயமாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்று: பாகற்காய் வேண்டாம் என்பது. அதுவும் நிறைவேறவில்லை. சட்டை நிறம், கார் நிறம், மகள் படிப்பு, மாப்பிள்ளை எல்லாவற்றையும் மனைவி ஞானசுந்தரியே பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். ஒன்றிரண்டைத் தப்பாகப் பார்த்திருந்தால், ஒருநாளாவது குரலை உயர்த்தியிருக்கலாம்.

தூத்துக்குடிக்கு நோட்டுப் புத்தக லோடு ஏற்றிப்போகும் லாரி வெறுமனே திரும்பக் கூடாது என்பது ஊர் வழக்கம். உப்பு வரும். கருவாடு வரும். வைகாசி மாதத்தில் ஒரு நாள் படகு வந்தது.

பதினாலு அடி. முழுக்கத் தேக்கு. எந்தக் காலத்திலோ ஒரு துரை இதில் துடுப்புப் போட்டுக் காற்று வாங்கினார் என்று விற்றவர் சொன்னார். விளிம்பைச் சுற்றி ஓடிய அலங்காரப் பலகை கறுத்துப்போயிருந்தது. பழைய வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து நின்றது. துடுப்பு மாட்டும் பித்தளை வளையங்கள் பச்சை பிடித்திருந்தன. லாரியோடு தூத்துக்குடி போயிருந்த தனுஷ்கோடிக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சை அடைத்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படி அடைக்கவில்லை. இந்த உண்மையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

லாரி வாசலில் நின்றது. ஞானசுந்தரியும் வாசலில் நின்றாள்.

“என்ன இது?”

“படகு.”

“அது தெரியுது. எதுக்கு?”

“காலண்டர்ல படம் போட.”

“காலண்டர்ல சாமி படந்தான போடுதீக?”

“சாமி படகுல போகக் கூடாதா?”

ஞானசுந்தரி படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“தண்ணி?”

“தண்ணி பின்னால வரும்.”

“குழாத் தண்ணியே எட்டு நாளைக்கு ஒருக்கா வருது. படகுக்குன்னு தனியா வரப்போவுதாக்கும்?”

தனுஷ்கோடி மூச்சை இழுத்துப் பிடித்தார். வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனம் ஒன்று இருந்தது.

“இந்தா பாரு சுந்தரி. இது என் படகு. நானே சுரண்டி, நானே தேச்சு, நானே வார்னிஷ் அடிப்பேன். ஏழு கோட்டு. வேற எவனும் இதுல கை வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

அவள் சத்தம் போடவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

“சரி. ஆடிப் பதினெட்டுக்குள்ள முடிச்சிருங்க.”

ஆடிப் பதினெட்டென்றால் காவிரிக் கரையில் புது வெள்ளம். சிவகாசிக்கு அன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளிவரும் நாள். வெளியூர் ஏஜெண்டுகள் ஆர்டர் போட வருவார்கள். அவர்களில் பத்துப் பேருக்காவது தனுஷ்கோடி வீட்டில் சாப்பாடு.

“முடிச்சிட்டா, போர்ட்டிகோ படகுக்கு. காரு தெருவுல நிக்கட்டும். ஒரு வார்த்த பேச மாட்டேன். முடிக்கலன்னா தீப்பெட்டிக் கம்பெனிக்குக் குடுத்துருவேன். குச்சியாக் கிழிச்சுக்கிடட்டும். சம்மதமா?”

“சம்மதம்.”

அவள் உள்ளே போனாள். அடுக்களைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பென்சிலால் என்னவோ குறித்தாள். கேஸ் சிலிண்டர் தேதியாக இருக்கும் என்று தனுஷ்கோடி நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஒரு மாதம் அவர் வாழ்க்கையின் பொற்காலம். வாசல் முற்றத்தில் இறக்கி வைத்த படகோடு காலையில் பிரஸ்ஸுக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். கண்ணாடிச் சில்லால் பழைய வார்னிஷைச் சுரண்டினார். முரட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பிறகு நைஸ் உப்புத்தாள். பித்தளை வளையங்களைப் புளி போட்டு விளக்கினார். வீட்டில் ஒரு குத்துவிளக்கைக்கூட அவர் அப்படி விளக்கியதில்லை. முதுகு விட்டுப்போயிற்று. கறுப்புக்கு அடியிலிருந்து தேக்கின் ரேகை தேன் நிறத்தில் வெளியே வந்தபோது அவர் தனியாக நின்று சிரித்தார்.

இனி வார்னிஷ். இங்கேதான் அச்சுக்காரருடைய புத்தி வேலை செய்தது.

சாமி படம் பளபளக்க அட்டைமேல் பூசுகிற வார்னிஷ் பிரஸ்ஸில் டப்பா டப்பாவாக இருந்தது. ஒரு டப்பாவைத் தூக்கினார். மிஷின் ஓட்டும் சங்கிலிமுத்து குறுக்கே வந்தான்.

“அண்ணாச்சி, அது அட்டைக்கு அடிக்கதுல்லா? மரத்துக்குன்னு கடையில தனியா இருக்கு.”

“ஏலே, முருகன் முகத்துக்கே பளபளப்புக் குடுக்கிற வார்னிஷ், மரத்துக்குக் குடுக்காதா?”

சங்கிலிமுத்து மிஷினுக்குத் திரும்பினான். முதலாளி முருகனையே சாட்சிக்கு இழுத்த பிறகு மிஷின்மேன் என்ன பேசுவான்?

அடித்தார். முதல் நாள் காயவில்லை. இரண்டாம் நாளும் காயவில்லை. மூன்றாம் நாள் ஆடி பிறந்தது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். திருத்தங்கலில் அம்மி பறக்காது, தாள் பறக்கும். வீட்டுக்குப் பக்கத்து அச்சு யூனிட்டில் வெட்டிக் குவித்திருந்த தினசரி காலண்டர்த் தாள் கழிவு மொத்தமும் எழும்பி, சுவர் தாண்டி, பிசுபிசுவென்று காத்திருந்த படகில் வந்து உட்கார்ந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் படகு முழுக்கத் தேதி. முன்பக்கம் கரிநாள். பின்பக்கம் அஷ்டமி. வலது விளிம்பில் மேஷம் முதல் மீனம் வரை ராசிபலன். துடுப்பு மாட்டும் இடத்தில் மட்டும் ஒரு சுபமுகூர்த்தம்.

ஞானசுந்தரி காப்பி டம்ளரோடு வந்து நின்று, பொறுமையாக வாசித்தாள்.

“உங்க ராசிக்கு அலைச்சல்னு போட்டிருக்கு. உரிச்சா வருமா?”

“வரும்.”

உரித்தார். தாள் வந்தது. கரிநாள் வரவில்லை. மை அப்படியே மரத்தில் இறங்கியிருந்தது.

மறுபடியும் சுரண்டல், மறுபடியும் உப்புத்தாள். சிவகாசிக்குப் போய் மரத்துக்கான வார்னிஷே வாங்கி வந்தார். டப்பாவைத் திறந்து வைத்தவருக்குக் கை ஓடவில்லை. இன்னொரு தடவை சொதப்பினால் படகு தீக்குச்சிதான்.

“கை பழகணும்,” என்று முணுமுணுத்தார். “ஏதாச்சும் ஒரு பலகையில பழகிட்டுத்தான் படகுக்கு வரணும்.”

“பழகுங்க,” என்றாள் ஞானசுந்தரி. “ஆனா வாசக்கதவுப் பக்கம் மட்டும் போயிராதீக. எங்கப்பா பர்மாத் தேக்குல போட்டுக் குடுத்தது. அது உங்களால முடியாது.”

அந்தக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கச் சொல்லி எட்டு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் கேட்டதும், “சீசன் முடியட்டும்” என்று எட்டு வருஷமாக அவர் சொன்னதும் இந்த நேரத்தில் தனுஷ்கோடிக்கு ஞாபகம் வரவில்லை. அவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். பசி பொறுப்பார், கடன்காரனைப் பொறுப்பார், பாகற்காயையும் பொறுப்பார். மாமனார் பெயரைச் சொல்லி ‘முடியாது’ என்றால் பொறுக்கமாட்டார்.

“ஏன் முடியாது?”

நாலு நாளில் வாசக்கதவு முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. ஞானசுந்தரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“பரவால்ல. வெயிலு நல்லா அடிச்சதுனால தப்பிச்சீக. பூஜ ரூம் கதவுன்னா திணறியிருப்பீக. அம்புட்டும் சித்திர வேல. முடியாது.”

பூஜை அறைக் கதவை முடித்தார். மணி மணியாகத் தொங்கிய வேலைப்பாட்டுக்குள் பிரஷ் போகாமல், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அடித்தார். அதற்குப் பிறகு மாடிப்படிக் கைப்பிடி. “வளைவு இருக்கு, முடியாது.” பிறகு கீழ்வீட்டு ஜன்னல்கள். “கம்பி இடிக்கும், முடியாது.” கம்பி இடித்தது. முடித்தார். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அவள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அவளும் ஒவ்வொரு தடவையும் தோற்றுப்போன முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காக அவர் இன்னும் நாலு வீட்டு ஜன்னல்களைக்கூட அடித்திருப்பார்.

படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஒரு பக்க விளிம்புக்கு ஒரே ஒரு கோட்டு விழுந்திருந்தது.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஏஜெண்டுகள் வந்தார்கள். வாசக்கதவைத் தடவிப் பார்த்தார்கள்.

“அண்ணாச்சி, வேல பாத்த ஆசாரி ஆரு? எங்க வீட்டுக்கும் அனுப்பி வைங்க.”

தனுஷ்கோடிக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தார். தார்ப்பாய் காற்றில் விலகியிருந்தது. செருப்பு விடுவதற்காகக் கட்டிய இடம் என்று நினைத்து, வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பைப் படகுக்குள் விட்டிருந்தார்கள். பெருமை இறங்கிவிட்டது. இரண்டு மாத உழைப்பு, ஒரு கோட்டு, எட்டு ஜோடிச் செருப்பு. அவருக்கு அழுகை வந்தது. பாயசத்தில் கவனம் செலுத்தினார்.

விருந்தாளிகள் போனதும் தவணை கேட்பது என்று முடிவு செய்தார். தீபாவளி வரைக்கும் கேட்கலாம். எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்க அடுக்களைக் காலண்டரைப் புரட்டினார். முதல் தாளைத் தூக்கியதுமே, ஆடிப் பத்தொன்பதில் பென்சில் எழுத்து தெரிந்தது.

‘மாடி ஜன்னல் 11. முடியாதுன்னு சொல்லணும்.’

தனுஷ்கோடி இரண்டு தடவை வாசித்தார். கடைச் சாமான் எழுதுவதற்காகக் கிழித்த தாள்களை ஞானசுந்தரி பக்கத்திலேயே கிளிப்பில் கோத்து வைத்திருப்பாள். அதை எடுத்துப் பார்த்தார். ‘வாசக்கதவு. முடியாதுன்னு சொல்லணும்.’ ‘பூஜ ரூம் கதவு. முடியாதுன்னு சொல்லணும்.’ ‘கைப்பிடி. ஜன்னல்.’ ஒன்றும் பிசகவில்லை. எல்லாம் அவருடைய பிரஸ்ஸில், அவருடைய மேற்பார்வையில் அச்சான தாள்.

காது மடல் சுட்டது. ஆனால் கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அடுத்து என்ன பேசப்போகிறாள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

கூடத்துக்கு வந்தார். ஞானசுந்தரி வெற்றிலைத் தட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“படகு முடியலல்லா?” என்றாள். “பேசினபடி தீப்பெட்டிக் கம்பெனிக்குத்தான் போகணும். சரி, போவட்டும். பாவமா இருக்கு. தீவாளி வரைக்கும் வச்சுக்கிடுங்க. ஆனா ஒண்ணு, மாடி ஜன்னல் பக்கம் போயிராதீக. மொத்தம் பதினொண்ணு. அது உங்களால முடியாது.”

தனுஷ்கோடி நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“ஆமா,” என்றார். “முடியாது.”

சொன்ன வாய் இனித்தது. ஞானசுந்தரி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள்.

“அதான் நானும் நெனச்சேன். பெயிண்டர் பாண்டிச்செல்வத்த நாளைக்கு வரச் சொல்லிருக்கேன். மாடிய முடிச்சிட்டு, கையோட படகுலயும் ரெண்டு இழு இழுத்து விட்டுருவான். அவன்ட்ட பச்சப் பெயிண்டு மிச்சங் கெடக்காம்.”

“பச்சப் பெயிண்டா?”

“பளிச்சுன்னு இருக்கும்லா?”

“தேக்குல பச்சப் பெயிண்டா? என் படகுல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னம்லா?”

“ஜன்னலுக்கு வாரவன் சும்மா இருப்பானா? ஒரு வீட்டுக்குள்ள விட்டா எல்லாத்தையுந்தான் அடிப்பான்.”

“அவன் வரவே வேண்டாம். ஜன்னலையும் நானே அடிக்கேன்!”

“பதினொண்ணு இருக்கு.”

“இருக்கட்டும்!”

“உங்க இஷ்டம்,” என்றாள் ஞானசுந்தரி.

இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. தனுஷ்கோடி வேகமாக அடுக்களைக்குப் போனார். ஆடிப் பத்தொன்பதை ஒரு நாள் முன்னதாகவே வெடுக்கென்று கிழித்தார். கசக்கப் போகும்போதுதான் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

‘முடியாதுன்னு ஒத்துக்கிட்டாகன்னா, பச்சப் பெயிண்டுன்னு சொல்லணும்.’